பாரில் ஜூக்பாக்ஸ்: எந்தப் பாட்டைப் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்மவர்கள் பலர் பாருக்குப் போனால், காசு போட்டால் கேட்ட பாட்டை ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டிப் பக்கமே போவதில்லை. போகிறவர்களில் சிலரோ பத்துப் பாட்டை ஒரே மூச்சில் போட்டுவிட்டு, ஏன் எல்லோரும் முறைக்கிறார்கள் என்று புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் இருப்பது சிகாகோ பக்கம். புதிதாக வரும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். டிஜே வைத்து நடத்தும் கிளப்புகள் வேறு உலகம். இங்கே பேசுவதெல்லாம் தெருமுனைச் சின்ன பார்களைப் பற்றி.

இந்தக் காலத்திலும் ஜூக்பாக்ஸ் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பழைய ஆங்கிலப் படங்களில் வரும், வளைந்த தலையும் வண்ண விளக்குமாக நிற்கும் பெட்டியைத் தேடாதீர்கள். இன்று பெரும்பாலான பார்களில் இருப்பது சுவரில் மாட்டிய தொடுதிரை. டச்ட்யூன்ஸ், ஏஎம்ஐ என்ற இரண்டு பெயர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மாண்ட்ரியலில் தொடங்கிய டச்ட்யூன்ஸ், பாட்டை இணையம் வழியாக இறக்கிக் காசுக்குப் போடும் பெட்டியை 1998-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு நூறு சிடி வரை அடுக்கி வைக்கும் பெட்டிகள் இருந்தன. அதற்கும் முன்பு நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் இசைத்தட்டுகள்.

சிடி பெட்டியை இன்னும் பிடிவாதமாக வைத்திருக்கும் பார்கள் உண்டு. கண்ணில் பட்டால் உள்ளே போய்விடுங்கள். அந்த நூறு சிடியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருப்பார். அட்டைகளைப் புரட்டினாலே அந்த பாரின் குணம் தெரிந்துவிடும். சிகாகோவில் வாசலில் ‘ஓல்ட் ஸ்டைல்’ பியர் பலகை தொங்கும் பழைய பார்களில் தேடிப் பார்க்கலாம்.

யூடியூபில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டையும் வரிசையாகக் கோத்துப் போடுகிறார்களே, அந்த ‘ஜூக்பாக்ஸு’க்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒற்றுமை. அதில் நீங்கள் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

எப்படி இயக்குவது?

திரையைத் தொட்டால் பாடகர் பெயர், பாட்டின் பெயர், வகை என்று தேடும் வழிகள் வரும். நோட்டையோ கார்டையோ உள்ளே விட்டால் அது கிரெடிட்டாக மாறும். ஒரு பாட்டுக்கு இத்தனை கிரெடிட் என்று திரையே சொல்லும். போனில் ஆப் இறக்கிக்கொண்டால் நாற்காலியை விட்டு எழாமலே போடலாம். அதற்கு முன், ஆப்பில் நீங்கள் இருக்கும் பாரின் பெயர்தான் காட்டுகிறதா என்று ஒரு தரம் பாருங்கள். வரிசையாக நாலு பார் உள்ள தெருவில், பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இலவசமாகப் பாட்டுப் போட்டுக் கொடுத்த புண்ணியவான்கள் நிறையப் பேர்.

என் கட்சி, எழுந்து பெட்டிக்கே போவதுதான். அங்கே நின்று தேடுகிறவரைப் பார்த்தால், அடுத்த பாட்டு யாருடையது என்று மற்றவர்களுக்கும் தெரியும். அந்த வெட்கம் கொஞ்சம் இருந்தால் தேர்வும் ஒழுங்காக இருக்கும். போனில் மறைந்திருந்து போடுகிறவர்கள்தான் பெரும்பாலும் அட்டகாசம் செய்கிறார்கள்.

ஒரு பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?

பாருக்கு பார் மாறும். ஒரு டாலரை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக ஐந்து, பத்து டாலர் போட்டால் சில பெட்டிகள் கூடுதல் கிரெடிட் தரும். அந்த ஆசையில்தான் பலர் தேவைக்கு மேல் பாட்டுப் போடுகிறார்கள்.

கூடுதல் காசு கொடுத்து வரிசையில் முந்தலாமாமே?

முந்தலாம். அடுத்ததாக உங்கள் பாட்டே வர வேண்டுமென்றால் கூடுதல் கிரெடிட் கேட்கும் பொத்தான் ஒன்று இருக்கும். பிறந்தநாள் கொண்டாடும் நண்பர் கிளம்பப் போகிறார், அவருக்காக ஒரு பாட்டு என்றால் அழுத்துங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மற்ற நேரத்தில் வேண்டாம். உங்களுக்கு முன்னால் காசு போட்டுவிட்டுக் காத்திருக்கும் பெரியவர் அதே மேஜை வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். அவருடைய பாட்டு தள்ளிப் போவது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

காசு போட்டும் என் பாட்டு வரவே இல்லை. ஏன்?

முதல் காரணம், வரிசை. மாலை ஏழு மணிக்கு ஒருவர் இருபது டாலருக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நாலு நிமிடப் பாட்டு என்றால் ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்துதான் ஓடும். உங்களுக்கு முன்னால் இருபது பாட்டு நின்றால் எண்பது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பார்டெண்டர். கவுண்டருக்குப் பின்னால் அவரிடம் ஒரு ரிமோட் உண்டு. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓடுகிற பாட்டைத் தள்ளியும் விடலாம். தள்ளிவிட்டால் காசு திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு பாட்டைத் தள்ளுவது நியாயமா?

வேறொரு இடமாக இருந்தால் நானே சண்டைக்குப் போவேன். இங்கே பார்டெண்டர் பக்கம்தான். நீங்கள் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறீர்கள். அவர் எட்டு மணி நேரம் நிற்கிறார். உங்களுக்கு இன்றைக்கு முதல் தரமாகத் தோன்றும் பாட்டை அவர் இந்த வாரத்தில் எத்தனை தரம் கேட்டிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? மேலும், ஒரு பாட்டால் நாலு பேர் பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பினால் நஷ்டம் பாருக்கு. சந்தேகமாக இருந்தால் போடுவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். “இதைப் போட்டால் திட்டுவீர்களா?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அதற்கு முன்பு டிப்ஸ் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

சரி, எந்தப் பாட்டைத்தான் போடுவது?

உள்ளே போனதும் பெட்டியைத் தேடி ஓடாதீர்கள். ஒரு பானம் வாங்கிக்கொண்டு மூன்று நாலு பாட்டு ஓடும்வரை சும்மா உட்காருங்கள். யார் தலையாட்டுகிறார்கள், எந்தப் பாட்டுக்குப் பேச்சு நிற்கிறது, எதற்கு ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

நேரம் முக்கியம். மாலை ஐந்து ஆறு மணிக்கு பாரில் இருப்பவர்கள் வேலை முடிந்து தனியாக வந்த வாடிக்கையாளர்கள். கோடையென்றால் டிவியில் சத்தமில்லாமல் பேஸ்பால் ஓடும். அந்த நேரத்தில் பழைய கன்ட்ரி, பழைய சோல் பாட்டுகள் சரியாக உட்காரும். அடித்து நொறுக்கும் மெட்டலைப் போட்டால் பத்துத் தலையும் உங்கள் பக்கம் திரும்பும். ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் கூடக் கூட வேகம் கூடலாம். நள்ளிரவு தாண்டினால் எல்லோரும் சேர்ந்து கத்திப் பாடும் பாட்டுகளின் நேரம். சிகாகோவில் சாதாரண உரிமம் உள்ள பார் இரவு இரண்டு மணிக்கு மூட வேண்டும், சனிக்கிழமை இரவு மட்டும் மூன்று. மூடுவதற்கு அரை மணி இருக்கும்போது புதிதாக ஆட்டம் போட வைக்கும் பாட்டைப் போட்டால் பார்டெண்டர் ரிமோட்டைத் தேடுவார்.

அடுத்தது ஒலி. வீட்டில் ஹெட்போனில் உருகிக் கேட்கும் பாட்டு பாரில் எடுபடாமல் போவதற்குக் காரணம் ரசனைக் குறைவு கிடையாது. கூரையில் மாட்டிய ஸ்பீக்கர், கீழே ஐம்பது பேர் பேச்சு, நடுவில் கண்ணாடிக் குவளைச் சத்தம். மெல்லிய பியானோவில் தொடங்கி ஒரு நிமிடம் கழித்துக் குரல் வரும் பாட்டைப் போட்டால், அந்த ஒரு நிமிடமும் பெட்டி நின்றுவிட்டது என்றே நினைப்பார்கள். முதல் பத்து விநாடிக்குள் டிரம்ஸோ குரலோ வந்துவிடும் பாட்டாகத் தேடுங்கள்.

டெட்ராய்டின் மோடவுன் கம்பெனிப் பாட்டுகள் அறுபது வருடமாக எந்த பாரிலும் தோற்காததற்கு இதில் ஒரு காரணம் இருக்கிறது. அங்கே ஒலிக்கலவை முடிந்ததும் ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு முடிவு செய்ய மாட்டார்கள். கார் ரேடியோ அளவுச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பார்கள். கார் நகரம் அல்லவா! மட்டமான ஸ்பீக்கரிலும் இரைச்சலிலும் பிழைத்து வரும்படி செய்த பாட்டுகள் அவை. குழம்பி நிற்கும்போது அந்தப் பட்டியலில் கைவைத்தால் கைவிடாது.

நேரடிக் கச்சேரிப் பதிவுகளைத் தவிர்த்துவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு நிமிடம் கைதட்டல், நடுவில் பாடகர் பேச்சு என்று போகும். திரையில் ஒரே பாட்டுக்கு நாலைந்து பதிப்பு காட்டும்போது அவசரத்தில் அதைத் தொட்டுவிடுவது சகஜம். வேறு யாரோ பாடிய பதிப்பும், பாடகர் குரலே இல்லாத கரோக்கிப் பதிப்பும் அந்தப் பட்டியலில் ஒளிந்திருக்கும். பாடகர் பெயரையும் ஆல்பத்தையும் பார்த்துத் தொடுங்கள்.

ஒரு தடவைக்கு எத்தனை பாட்டு போடலாம்?

மூன்று. கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை என்றால் ஐந்து. பத்துப் பாட்டு என்றால் முக்கால் மணி நேரத்துக்கு அறையையே குத்தகைக்கு எடுத்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றில் முதலாவது, இப்போது ஓடுவதற்குச் சொந்தக்காரப் பாட்டாக இருக்கட்டும். அதே காலம், அதே வேகம், அதே ஊர், ஏதோ ஒன்று. இரண்டாவது உங்களுக்கே உங்களுக்குப் பிடித்தது, மற்றவர்கள் கேட்டிராததாகக்கூட இருக்கலாம். மூன்றாவதில் எல்லோரும் அறிந்த ஒன்றைப் போட்டு அறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இடையில் வேறொருவர் பாட்டு நுழையத்தான் செய்யும், அதனால் ஒன்றும் கெடாது.

நீளமான பாட்டு போட்டால் காசுக்கு லாபம்தானே?

கணக்கு சரி, விளைவு தப்பு. பதினேழு நிமிட ராக் பாட்டு ஒன்றைப் போட்டால் நாலு பேருடைய பாட்டைத் தின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். எட்டு நிமிடம் தாண்டும் எதையும் நான் போடுவதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. டான் மெக்லீனின் ‘அமெரிக்கன் பை’ எட்டரை நிமிட நீளம் என்றாலும் மொத்த பாரும் சேர்ந்து பாடும் என்பதால் அதற்கு விலக்கு. 1971-இல் அது வந்தபோது ஒரு 45 இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பாதி முன்பக்கம், மீதி பின்பக்கம் என்று வெட்டித்தான் வெளியிட்டார்கள். ஜூக்பாக்ஸில் முன்பக்கத்தை மட்டும் போட்டவருக்குப் பாதிப் பாட்டுதான்.

எல்லோரும் போடும் பாட்டையே போட்டால் சலிக்காதா?

உங்களுக்குச் சலிக்கும், பார்டெண்டருக்குச் சலிக்கும். மற்றவர்களுக்குச் சலிப்பதில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. வில்லி நெல்சன் எழுதி பாட்ஸி க்ளைன் 1961-இல் பாடிய ‘க்ரேஸி’, ஜூக்பாக்ஸில் காலமெல்லாம் அதிகம் ஓடிய பாட்டுகளின் வரிசையில் எப்போதும் உச்சியில் வைத்துப் பேசப்படுகிறது. கேட்டுப் பாருங்கள். மெதுவான பாட்டுதான், ஆனால் குரல் முதல் விநாடிகளிலேயே வந்துவிடும், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதையொட்டி ஒரு பிரபலமான கதையும் உண்டு. ஒமாஹா நகரில் வானொலி நிலையம் வைத்திருந்த டாட் ஸ்டோர்ஸ் ஒரு நாள் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தாராம். வாடிக்கையாளர்கள் பகலெல்லாம் சில பாட்டுகளையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். கடை ஓய்ந்ததும் அங்கே வேலை செய்த பெண் தன் சொந்தக் காசை எடுத்து, பகலெல்லாம் கேட்ட அதே பாட்டைத் திரும்பவும் போட்டாராம். குறைந்த பாட்டுகளையே சுழற்றிச் சுழற்றி ஒலிபரப்பும் ‘டாப் 40’ முறைக்கு அதுதான் விதை என்பார்கள். கதை சொல்கிறவருக்கு ஏற்ப விவரங்கள் மாறும். ஐம்பதுகளில் அந்த முறையைப் பரப்பியவர்களில் ஸ்டோர்ஸ் முக்கியமானவர் என்பது மாறாது.

தமிழ்ப் பாட்டு போடலாமா?

போடலாம், ஒன்றே ஒன்று. பெட்டியின் தேடலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஒரே பாட்டின் முதல் வரியை ஆளுக்கொரு மாதிரி எழுத்துக் கூட்டியிருப்பார்கள். அதனால் இசையமைப்பாளர் பெயரில் தேடுங்கள், ஏ.ஆர். ரகுமான் பெயரில் தொடங்குவது சுலபம். சில பார்கள் சில வகைப் பாட்டுகளைப் பெட்டியில் வராதபடி தடுத்து வைத்திருக்கும், அங்கே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

கிடைத்தால் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வரிகள் யாருக்கும் புரியப் போவதில்லை. புல்லாங்குழல் முன்னிசையோடு நிதானமாக விரியும் மெலடி உங்களுக்கு ஊரைக் கொண்டுவரும், அறைக்கு எதையும் கொண்டுவராது. தவிலும் பறையும் இறங்கும் குத்துப்பாட்டு என்றால் கதையே வேறு. அந்த ஆறெட்டுத் தாளத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். பக்கத்து நாற்காலிக்காரர் “இது என்ன பாட்டு?” என்று திரும்பிக் கேட்டால் உங்கள் ஒரு டாலர் வசூலாகிவிட்டது. அதற்காக உடனே போய் இன்னும் ஆறு தமிழ்ப் பாட்டு போட்டுவிடாதீர்கள்.

இன்னொருவர் போட்ட பாட்டு சகிக்கவில்லை. என்ன செய்வது?

கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். முடிந்திருக்கும்.

மது குடிக்காதவர்கள் போகலாமா?

தாராளமாக. வயது 21 ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் வேண்டும். சோடாவும் எலுமிச்சையும் கேளுங்கள். சில இடங்களில் அதற்குக் காசே வாங்க மாட்டார்கள். அப்போதும் ஒரு டாலர் டிப்ஸ் வையுங்கள்.

பழைய 45 இசைத்தட்டுப் பெட்டி இருந்தால் எப்படிப் போடுவது?

கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்ன அச்சுச் சீட்டுகள் வரிசையாகச் செருகியிருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் மேலே முன்பக்கப் பாட்டு, நடுவில் பாடகர் பெயர், கீழே பின்பக்கப் பாட்டு. பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்ணும். காசைப் போட்டு, எழுத்துப் பொத்தானையும் எண் பொத்தானையும் அழுத்த வேண்டும். சீபர்க் கம்பெனியின் 200 பாட்டுப் பெட்டியில் எழுத்துகள் ஏ முதல் வி வரை ஓடும், ஆனால் ஐ-யும் ஓ-வும் இருக்காது. ஒன்று, பூஜ்யம் என்ற எண்களோடு குழம்பிவிடும் என்று விட்டுவிட்டார்கள். மீதி இருபது எழுத்து, எழுத்துக்குப் பத்து எண்.

அப்புறம் கண்ணாடி வழியே பாருங்கள், அதுதான் காட்சி. இசைத்தட்டுகள் எல்லாம் செங்குத்தாக ஒரே ரேக்கில் நிற்கும். தண்டவாளத்தின் மேல் ஒரு வண்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகரும். நீங்கள் கேட்ட தட்டுக்கு நேராக வந்ததும் ‘டக்’கென்று நின்று, ஒரு கை அந்தத் தட்டைத் தூக்கி, நிற்கிற வாக்கிலேயே பிடித்துச் சுழற்றும். ஊசி பக்கவாட்டில் வந்து படியும். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம்.

இந்த அமைப்பினால் இரண்டு விசித்திரங்கள் உண்டு. ஒன்று, நீங்கள் அழுத்திய வரிசையில் பாட்டு வராது. வண்டி போகும் வழியில் எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதுதான் முதலில் ஒலிக்கும். இரண்டாவதாக அழுத்தியவருடைய பாட்டு உங்களுடையதற்கு முன்னால் வந்தால் கோபிக்காதீர்கள். இரண்டு, ஒரே பாட்டை மூன்று பேர் காசு போட்டு அழுத்தினாலும் அது ஒருமுறைதான் ஓடும். ஒவ்வொரு பாட்டுக்கும் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு நிலையைத்தான் பெட்டி நினைவில் வைக்கும், எத்தனை பேர் கேட்டார்கள் என்று வைக்காது. ஒரே பாட்டை இருபது தடவை வரிசையில் நிறுத்தி வைத்து வம்பு செய்யும் ஆட்களுக்கு எதிராக இதைவிடச் சிறந்த தடுப்பு இன்றைய தொடுதிரைப் பெட்டியில்கூட இல்லை.

பெட்டியில் போடும் காசு யாருக்குப் போகிறது?

பெரும்பாலும் பெட்டி பார்க்காரருடையது கிடையாது. ஆபரேட்டர் என்று ஒருவர் ஊரில் பல பார்களில் பெட்டிகளை வைத்து, பழுது பார்த்து, வசூலை பாரோடு பங்கு போட்டுக்கொள்வார். பாதிக்குப் பாதி என்பது வழக்கமான ஏற்பாடுகளில் ஒன்று. பழைய நாளில் இசைத்தட்டு மாற்றுவதும் அவர்தான். எந்தப் பாட்டு எத்தனை தரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் பல பெட்டிகளுக்குள் இருக்கும். ஓடாத தட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகுவார். பில்போர்டு என்ற இசைத்தொழில் பத்திரிகை 1944 முதல் 1957 வரை ஜூக்பாக்ஸில் அதிகம் ஓடும் பாட்டுகளுக்கென்றே தனிப் பட்டியல் வெளியிட்டது. வானொலி திரும்பிப் பார்க்காத கறுப்பினப் பாடகர்களின் இசை அந்தக் காலத்தில் ஜூக்பாக்ஸ் வழியாகத்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

சில்லறையாகவே புழங்கும் தொழில் என்பதால் ரவுடிகளும் மொய்த்தார்கள். 1959-இல் செனட்டர் ஜான் மெக்லெல்லன் தலைமையிலான கமிட்டி இதை விசாரித்தது. கமிட்டியின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி. எங்கள் சிகாகோவின் பெயர் அதில் நன்றாகவே அடிபட்டது.

பாட்டு எழுதியவர்களுக்கு என்ன கிடைத்தது? நெடுங்காலம் ஒன்றுமில்லை. 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் காசு போட்டு இயக்கும் பெட்டிக்கு விலக்கு கொடுத்திருந்தது. அதை எழுதியபோது இப்படி லட்சக்கணக்கில் பெட்டிகள் முளைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1978 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம்தான் விலக்கை எடுத்தது. அப்போதும் ஒரு பெட்டிக்கு வருடத்துக்கு 8 டாலர் மட்டுமே. வருடம் முழுக்க, எல்லாப் பாட்டுக்கும் சேர்த்து!

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது?

1889 நவம்பர் 23, சான் பிரான்சிஸ்கோவின் பாலே ராயல் சலூன். லூயி க்ளாஸ் என்பவர் எடிசனின் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவி ஒன்றில் நாணயம் போடும் துவாரத்தை இணைத்து அங்கே வைத்தார். ஸ்பீக்கர் கிடையாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாதிரி நாலு குழாய்கள், குழாய்க்கு 5 சென்ட் நாணயம் ஒன்று. கேட்டு முடித்தவர் காதில் வைத்த முனையைத் துடைத்துவிட்டுப் போகத் துண்டும் வைத்திருந்தார்கள். மெழுகு உருளையில் ஒரே ஒரு பாட்டு, அதனால் தேர்ந்தெடுக்கும் தொல்லையே இல்லை. ஆறு மாதத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் வசூலானதாகச் சொல்வார்கள். ஐந்து ஐந்து சென்ட்டாக என்றால் இருபதாயிரம் நாணயம்.

அறை முழுக்கக் கேட்கும்படி, பல பாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படியான மின்சாரப் பெட்டிகள் 1927-ஐ ஒட்டித்தான் வந்தன. 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கி பார்கள் திறந்தபோது இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுக்க வசதியில்லாதவர்கள் எல்லோரும் பெட்டியை வாங்கி நிறுத்தினார்கள். இசைக்கலைஞர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களது சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்டில் ஒலிப்பதிவு வேலைநிறுத்தமே அறிவித்தார். ஜூக்பாக்ஸும் வானொலியும் எங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன என்பது குற்றச்சாட்டு.

குமிழி ஓடும் அந்த அழகான பெட்டி எது?

வுர்லிட்சர் 1015. பால் ஃபுல்லர் வடிவமைத்து 1946-இல் வந்தது. போர்க்காலத்தில் ஜூக்பாக்ஸ் தயாரிப்பு நின்று போயிருந்ததால் பசியோடு காத்திருந்த சந்தையில் 56,000-க்கு மேல் விற்றது. அழகு என்னவோ அழகுதான். ஆனால் அதில் 24 பாட்டுதான், அதுவும் 78 சுற்றுத் தட்டு. இரண்டே வருடத்தில் சீபர்க் நூறு பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து அதன் சோலியை முடித்தது. 1950-இல் அதே சீபர்க்தான் 45 சுற்றுப் பெட்டியையும் முதலில் இறக்கியது.

ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுபோக ஆசை. முடியுமா?

காசும் முதுகும் திடமாக இருந்தால் முடியும், தூக்க நாலு பேர் வேண்டும். வாங்குவதற்கு முன் எந்தச் சுற்றுத் தட்டு என்று பாருங்கள், 78 பெட்டியில் 45 ஓடாது. நேரில் போய் குறைந்தது பத்துப் பாட்டு போட்டுக் கேளுங்கள். வண்டி ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திக்காமல் போக வேண்டும்.

மின்சாரம்தான் பெரிய சிக்கல். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்துவிடலாம். ஹெர்ட்ஸ் அதில் மாறாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், 45 சுற்று வேண்டிய தட்டு முப்பத்தேழரைதான் சுற்றும். பாட்ஸி க்ளைன் ஆண் குரலில் இழுத்து இழுத்துப் பாடுவார். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (சுற்றும் வேகத்தைச் சரிக்கட்டும் சக்கரம்) அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு, பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.